பதினோரு நிமிட வெள்ளை

எத்தனை அடி ஆழமுங்க என்று கேட்டார் சரசாத்தாள்.
கணபதியில் அவர் வேலை பார்க்கும் வைண்டிங் பட்டறையில்
ஏழரை ஹெச்.பி. மோட்டார்கள் குடல் சரிந்து கிடக்க
நடுவில் நான் ஒரு கண்ணாடிக் கூண்டோடு நின்றேன்.
சுற்றிலும் செம்புக் கம்பி ஓட வேண்டும்,
அளவு பிசகாமல், இரண்டே சுற்று.

நாலரை மில்லிமீட்டர் என்றேன்.
சுண்டெலியின் மண்டையோட்டுக்குக் கீழே
ஆசை ஊறுகிற இடம் அவ்வளவு ஆழத்தில்.
"எங்க தோட்டத்துல ஆயிரத்தி எரநூறு அடி போட்டும்
பொகையாத்தான் வந்துச்சு.
உங்குளுது பரவால்லீங்க."

இரண்டு பச்சரிசியின் கனம் அந்தச் சாதனம்.
பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது.
செம்பில் மின்சாரம் துடிக்கும்போது
காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொண்டு
மயிரிழை முனையில் நீலமாய் எரியும்.
விளக்கு வைத்ததும் பதினான்காம் எண் வலது மூலைக்கு ஓடும்.
அணைத்தால் நிற்கும்.
மூன்று வாரமாக இதைத்தான்
அதன் விருப்பம் என்று எழுதி வருகிறேன்.

முன்பு ஒயர் இருந்தது, தலையிலிருந்து கூரைக்கு.
ஒன்றின் ஒயரை இன்னொன்று கடித்துவிடும்.
ஆகவே தனித்தனியாக அடைத்தோம்.
தனியாக அடைத்த எலிகளை வைத்துத்தான்
தோழமையை அளந்தோம்.
கட்டுரைகூட வந்தது.
இப்போது பதினான்கும் இருபத்துமூன்றும்
ஒரே மரத்தூளில் புரளலாம்.

நெறிமுறைக் குழுவில் ஒன்பது கையெழுத்து.
எங்கள் ஊர் நோம்பியில் கெடாவுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள்,
அது உடம்பைத் துளுக்கினால்தான் அருவாள் எழும்.
ஒருமுறை ஒரு கெடா துளுக்கவே இல்லை.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது,
ஒறம்பரைக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.
இன்னொரு சொம்பு ஊற்றினார் அப்பா.
பிறகும் ஒன்று.
எந்தச் சொம்பில் துளுக்கியது என்று நினைவில்லை,
கறி தின்றது நினைவிருக்கிறது.
எலிக்கு நாங்கள் தண்ணீர் தெளிப்பதில்லை.
மயக்க மருந்து உண்டு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
சரவணம்பட்டிப் பக்கம் இடி விழுந்து கரண்டு போனது.
யூ.பி.எஸ்.ஸில் கணினி இருந்தது, கேமரா இருந்தது.
சுருளை அதில் மாட்ட மறந்திருந்தேன்.
மண்டைக்குள் இருந்தது வெறும் அரிசியாகிவிட்டது.
அலை வரும் இடத்தில்
திரை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது,
பதினோரு நிமிடம்.

இருட்டில் பார்க்கும் கேமராவில் மட்டும் தெரிந்தது.
பதினான்கு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது.
பிறகு இருபத்துமூன்றின் முதுகில் தாடையை வைத்தது.
பிறகு எழுந்து,
விளக்கு ஒருநாளும் கூப்பிடாத இடது மூலைக்கு
ஏதோ சோலியாகப் போகிற ஆள் போலப் போய்
மரத்தூளை இப்படியும் அப்படியும் தள்ளியது.
அங்கே தீனி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.
என்ன சோலி?
மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.
நான் ஜெனரேட்டரை ஓடவிட எழுந்து போயிருக்க வேண்டும்.
போகவில்லை.

கரண்டு வந்தது. நீலம் எரிந்தது. வலது மூலை.

அந்தத் துண்டை வெட்டிவிடுங்க நவமணி,
சிக்னல் இல்லாத வீடியோ எதுக்கு என்றார்
ஆய்வு நெறியாளர் செங்கோடன்.
சரிதான். வெட்டிவிட்டேன்.
அட்டவணையில் அந்த ராத்திரிக்கு ஒரு சின்னக் கோடு,
மின்தடை என்று.

வெள்ளிக்கிழமை சரசாத்தாள் போனில் கேட்டார்,
மோட்டாரைக் கேட்பது போலவே:
"ஓடுதுங்களா?"
ஓடுதுங்க.
"நின்னாச் சொல்லுங்க, பிரிச்சுச் சுத்தித் தாறேன்."
ஒருக்கா நின்னுச்சுங்க என்றேன்.
"அப்பறம்?"
கூண்டுக்குள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன,
எது எதன் மேல் என்று தெரியாமல்.
தானா ஓடுச்சுங்க என்றேன்.
எதைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை,
கூலி பாக்கி எண்ணூறு என்றார்.